ஹாரனில் தொடங்கி நீதிமன்றம் வரை

சென்னை வடபழனியிலோ மதுரை காளவாசலிலோ மாலை ஆறரை மணிக்குச் சிவப்பு விளக்கின் முன் நிற்கும் வாகன வரிசையை மேலிருந்து பார்ப்பவருக்கு, முன்வரிசையில் இருப்போரில் பலருடைய முகம் கீழ்நோக்கியே இருப்பது தெரியும். ஒருவர் ஹேண்டில்பாரில் பொருத்திய கைபேசியில் அடுத்த ஆர்டரின் முகவரியைத் தேடுகிறார். இன்னொருவர் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் இடையில் செருகிய கைபேசியில் வீட்டாருக்குத் தாமதத்தின் காரணத்தை விளக்குகிறார். காரில் இருப்பவரின் கட்டைவிரல் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது. பச்சை விழுகிறது. முன்னால் நிற்பவர் தலை நிமிர இரண்டு நொடி தாமதிப்பதற்குள் பின்னால் நான்கைந்து ஹாரன்கள் சேர்ந்து அலறுகின்றன, திடுக்கிட்டுக் கிளட்சை விட்டவரின் வண்டி குலுங்கி அணைகிறது, அவரை இடப்பக்கமாக ஒட்டி வளைத்து முந்துபவர் ‘வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார். பெரும்பாலான நாட்களில் விஷயம் அத்துடன் முடிகிறது. முடியாத நாட்களில் அடுத்த சிக்னலில் வண்டி குறுக்கே நிறுத்தப்பட்டு, சாவி பிடுங்கப்பட்டு, சட்டைக் காலர் பிடிக்கப்பட்டு, இரவுக்குள் ஒரு காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எண்ணாகிவிடுகிறது.

வாகனம் ஓட்டும்போது கண்ணோ கையோ மனமோ வேறொன்றில் ஈடுபடுவதாகிய கவனச்சிதறலையும், சக ஓட்டுநர் மீது வசை, மிரட்டல், தாக்குதல் என்று வெடிக்கும் சாலைச் சீற்றத்தையும் அரசு அறிக்கைகளும் விழிப்புணர்வுப் பிரசுரங்களும் தனித்தனித் தலைப்புகளில் வைப்பதே வழக்கம். முன்னதற்கு அபராதமும் பின்னதற்கு அறிவுரையும் மருந்தாகச் சொல்லப்படுகின்றன. அன்றாடச் சாலையிலோ ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது. கைபேசி பார்த்தவரின் தாமதம் பின்னால் இருப்பவரின் கண்ணுக்குத் திமிராகத் தெரிகிறது. அவர் அடிக்கும் ஹாரன் முன்னால் இருப்பவரின் காதில் அவமதிப்பாக விழுகிறது. இருவரில் ஒருவர் வண்டியை விட்டு இறங்கும் வரை சட்டம் இந்தத் தொடர்நிகழ்வில் எங்கும் குறுக்கிடுவதில்லை. தமிழகத்தின் நடைமுறையில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இதுவே.

கண் பார்த்தும் காணாத சாலை

கவனச்சிதறலை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: சாலையிலிருந்து பார்வை விலகுவது, ஸ்டியரிங்கிலிருந்து கை விலகுவது, ஓட்டும் வேலையிலிருந்து எண்ணம் விலகுவது. குறுஞ்செய்தி தட்டும்போது மூன்றும் ஒருசேர நிகழ்வதால் அதன் ஆபத்தை எவரும் மறுப்பதில்லை. சிக்கல் மூன்றாவது வகையில், அதாவது கை இரண்டும் ஸ்டியரிங்கிலும் கண் இரண்டும் சாலையிலும் இருக்க, காதில் புளூடூத் மாட்டிப் பேசிக்கொண்டே போகிறவர் தம்மைப் பாதுகாப்பானவர் என்று நம்புவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும் செயற்கை ஓட்டுநர் இருக்கையில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனைகளில், கையில் பிடிக்காமலே கைபேசியில் பேசியவர்கள் சாலையோரப் பலகைகளை நேராகப் பார்த்திருந்தும், பிறகு கேட்டபோது அவற்றை அடையாளம் காண்பதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். கண்ணில் பட்டது கருத்தில் பதியாமல் போகும் இந்த நிலையைக் கவனக்குருடு எனலாம். ‘கண்ணு தெரியலையா?’ என்று சாலையில் கேட்கப்படும் கேள்விக்கு, தெரிந்தது, ஆனால் பதியவில்லை என்பதே பல நேரங்களில் நேர்மையான பதிலாக இருக்கும்.

கனடாவின் டொரன்டோவில் விபத்துக்குள்ளான 699 கைபேசி வைத்திருந்த ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, கைபேசியில் பேசும் நேரத்தில் மோதல் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்று கண்டதோடு, கையில் பிடிக்காத கருவிக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை என்றும் சொன்னது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளை 2015இல் மற்றொன்றைச் சேர்த்தது: குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுமையாகச் சாலைக்குத் திரும்ப, சிலவகைக் கருவிகளில் 27 நொடி வரை ஆகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும்தானே பார்க்கிறேன் என்பவரின் சமாதானம் இந்த இடத்தில் உடைகிறது. அவர் கைபேசியை வைத்துவிட்டு நகரும் முதல் இருநூறு, முந்நூறு மீட்டரை அரை மனத்துடன்தான் கடக்கிறார்.

இந்திய நகரச் சாலைக்கு இதைப் பொருத்தினால் விளைவு இன்னும் கடுமையாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வாகனம் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்வதால், வந்த செய்தி யாருடையது என்று மூன்று நொடி பார்ப்பவர் 50 மீட்டரைக் கண்மூடிக் கடக்கிறார். மேற்குநாட்டு நெடுஞ்சாலையில் அந்த 50 மீட்டரில் ஒன்றும் குறுக்கிடாமல் போகலாம், ஓ.எம்.ஆரிலோ அவிநாசி சாலையிலோ அதே தூரத்துக்குள் ராங் ரூட்டில் எதிரே வரும் ஸ்கூட்டர், பயணியை ஏற்றத் திடீரென்று ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோ, நடுச்சுவரின் இடைவெளி வழியாக நுழையும் மூதாட்டி என்று ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும்.

பெட்டிச் செய்தி: எண்களில் ஓராண்டு

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர்.

விபத்து எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழகம் முதலிடத்திலும், 17,884 உயிரிழப்புகளுடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாம் இடத்திலும் இருந்தது.

இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள்.

உயிரிழப்புகளில் 71.2 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கிலும், 5.4 விழுக்காடு எதிர்த்திசையில் ஓட்டியதன் கணக்கிலும், 2 விழுக்காடு மட்டுமே கைபேசியின் கணக்கிலும் எழுதப்பட்டன.

அந்த 2 விழுக்காட்டை அப்படியே நம்புவது கடினம். விபத்து நடந்த இடத்துக்குக் காவலர் வந்து சேரும்போது கைபேசி சட்டைப்பைக்குள் போயிருக்கும். மது அருந்தியவரைக் காட்டிக்கொடுக்க மூச்சுப் பரிசோதனைக் கருவி இருப்பதுபோல் கவனம் சிதறியவரைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவியும் இல்லை. அழைப்புப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் அளவுக்குச் சாதாரண விபத்து வழக்குகள் விசாரிக்கப்படுவதும் அரிது. எனவே கைபேசியால் நேர்ந்த விபத்துகளில் ஒரு பகுதி ‘அதிவேகம்’ என்ற வசதியான கட்டத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். சாலைச் சண்டைக்கோ அந்த அறிக்கையின் காரணப் பட்டியலில் ஒரு வரிசைகூட இல்லை.

மறுமுனையில் இருப்பவர்

ஓட்டுநரை மட்டும் குற்றம் சாட்டும் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒருவர், அழைப்பின் மறுமுனையில் இருப்பவர். தமிழகத்தில் இந்த உரையாடலுக்கு ஏறத்தாழ நிலைத்த வடிவமே உண்டு: ‘வண்டில இருக்கியா?’ என்று கேட்கப்படும். ‘ஆமா, சொல்லுங்க’ என்று பதில் வரும். ‘சரி, ஒரு நிமிஷம்தான்’ என்று தொடங்கி அந்த ஒரு நிமிடம் பாலத்தின் ஏற்றம், இறக்கம், அடுத்த சந்திப்பு எல்லாவற்றையும் தாண்டி ஓடும். கேள்வி கேட்கப்பட்டது அக்கறையால்; ஆனால் பதில் கிடைத்த பிறகும் பேச்சைத் தொடர்வது அந்த அக்கறையைப் பொருளற்றதாக்கிவிடுகிறது. உடன் அமர்ந்து பேசுபவருக்கும் தொலைவிலிருந்து பேசுபவருக்கும் உள்ள வேறுபாட்டை 2008இல் வெளியான யூட்டா ஆய்வு ஒன்று அளந்து காட்டியது: பக்கத்தில் இருப்பவர் நெரிசலைக் கண்டதும் பேச்சைக் குறைக்கிறார், சாலையில் நடப்பதைப் பற்றியே பேசுகிறார், வெளியேற வேண்டிய வழியை நினைவூட்டுகிறார், தொலைவில் இருப்பவருக்கோ எதிரே லாரி வருவது தெரியாது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல், ஓட்டிக்கொண்டே படிப்பார் என்று தெரிந்திருந்தும் ஒருவருக்குச் செய்தி அனுப்புபவர், அதனால் நேரும் விபத்துக்கு ஓரளவு பொறுப்பாளி ஆகக்கூடும் என்ற கொள்கையை வகுத்தது. அந்த வழக்கில் செய்தி அனுப்பியவர் பொறுப்பாக்கப்படவில்லை என்றாலும், பொறுப்பு ஒரு முனையோடு நிற்பதில்லை என்பது சட்டத்தின் மொழியிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆயினும் ‘எங்க இருக்க, எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று ஊழியரைப் பாதி வழியில் அழைக்கும் மேலாளர், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இருப்பவருக்கு அடுத்த ஆர்டரை ஒலியெழுப்பிக் காட்டிச் சில நொடிகளுக்குள் ஏற்கச் சொல்லும் உணவு விநியோகச் செயலி, இருவரையும் வெறும் பார்வையாளர்களாக விட்டுவிடுவது நியாயமாகாது. அபராதச் சீட்டு வண்டி எண்ணுக்குப் போகிறது. அவசரத்தை உண்டாக்கியவரின் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறுவதில்லை.

சினம் எங்கே ஊறுகிறது

சாலையில் மட்டும் சாதுவான மனிதர்கள் சண்டைக்காரர்களாக மாறுவது ஏன் என்ற கேள்விக்கு உளவியல் தரும் முதல் விடை, பிறர் தவறுக்கு அவருடைய குணத்தையும் தன் தவறுக்குச் சூழ்நிலையையும் காரணமாக்கும் மனிதப் போக்கு. தான் குறுக்கே புகுந்தால் ‘மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது’. பிறர் புகுந்தால் ‘பொறுக்கி’. வீட்டிலோ அலுவலகத்திலோ இந்தத் தவறான கணிப்பை முகபாவமும் ஒரு வார்த்தை மன்னிப்பும் உடனே திருத்திவிடும். ஹெல்மெட்டுக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பின்னால் முகமே தெரியாததால், சாலையில் அந்தத் திருத்தம் நிகழ வழியில்லை.

தமிழகச் சாலையில் இதை மோசமாக்குவது சைகைகளின் குழப்பம். ஹாரன் என்பது இங்கே எச்சரிக்கை, அனுமதி கேட்பது, வணக்கம் சொல்வது, அவசரப்படுத்துவது, வைவது ஆகிய அனைத்துக்கும் ஒரே கருவி. லாரியின் பின்புறத்தில் ஒலி எழுப்பச் சொல்லி அழைப்பே எழுதப்பட்டிருக்கும். அதே ஒலியை நகரச் சிக்னலில் எழுப்பினால் அது வம்புக்கு இழுப்பதாகிறது. எதிரே வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் பிரிட்டனில் பெரும்பாலும் ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று கொள்ளப்படும். தமிழகத்திலோ ‘நான் வந்துகொண்டிருக்கிறேன், நில்’ என்பதே பொருள். இரவில் டிம் செய்யாமல் வரும் ஹை பீமுக்குப் பதிலாகத் தானும் ஹை பீம் போட்டுப் பழிதீர்க்கும் ஓட்டுநர், இரு குருடர்களை எதிரெதிரே ஓட்ட வைக்கிறார் என்பதை அந்த நேரத்தில் உணர்வதில்லை.

அந்தஸ்தும் வெயிலும் இதில் பங்குபெறுகின்றன. பச்சை விழுந்தும் நகராமல் நிற்கும் காருக்குப் பின்னால் இருப்பவர்கள் எத்தனை நொடியில் ஹாரன் அடிக்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 1968இல் வெளியான சோதனையில், பளபளக்கும் விலையுயர்ந்த காருக்குக் காட்டிய பொறுமையைத் துருப்பிடித்த பழைய காருக்கு மக்கள் காட்டவில்லை. சென்னையில் சொகுசுக் காருக்கு ஒதுங்கிச் செல்பவர் சைக்கிள்காரரைச் ‘சாவுகிராக்கி’ என்று வைவதைக் கண்டவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இராது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் நடந்து 1986இல் வெளியான மற்றொரு ஆய்வு, வெப்பநிலை ஏற ஏற ஹாரன் ஒலியும் ஏறுவதையும், குளிர்சாதன வசதியின்றிக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தவர்களிடம் அந்தத் தொடர்பு வலுவாக இருந்ததையும் பதிவு செய்தது. அக்னி நட்சத்திரக் காலத்தில், மெட்ரோ ரயில் பணிக்காகத் தடுப்புப் பலகைகளுக்கு இடையே பாதியாகச் சுருங்கிய சாலையில், ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் இருசக்கர ஓட்டியின் பொறுமை எந்த அளவில் இருக்கும் என்பதை அதிலிருந்து கணிக்கலாம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. வாகனத்தில் ஸ்டிக்கர், அலங்காரம் முதலிய சொந்த அடையாளங்களை அதிகமாக வைத்திருப்பவர்கள், அவற்றில் எழுதியிருப்பது அமைதி வாசகமாகவே இருந்தாலும், சாலையில் அதிக ஆக்ரோஷத்துடன் நடந்துகொள்வதாக அது கண்டது. தம் வண்டியையும் அதைச் சுற்றியுள்ள சாலையையும் தமக்குரிய எல்லையாகக் கருதும் மனநிலையே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கட்சிச் சின்னமும் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ போன்ற சொற்களும் ஒட்டப்பட்ட வாகனங்கள் மீது 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தபோது, அது போலி அடையாளங்களைத் தடுக்கும் முயற்சியாகவே பேசப்பட்டது. அந்த ஒட்டுவில்லை தனக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது என்று எதிரிலிருப்பவரிடம் சொல்லும் மிரட்டலாகவும் செயல்படுகிறது என்பதை அந்த விவாதம் தொடவில்லை.

தொழில்முறை ஓட்டுநர்களின் சினத்துக்குக் காரணம் வேறு. கோவை, திருப்பூர், சேலம் பகுதித் தனியார் பேருந்துகளுக்கிடையே நடக்கும் ‘டைமிங்’ சண்டை, முன்னால் போகிற வண்டி தன் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற கணக்கிலிருந்து பிறப்பது. வசூலைப் பொறுத்துப் படி கிடைக்கும்வரை, பேருந்துநிலைய வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தி நடக்கும் வாய்ச்சண்டைக்கு யோகா வகுப்பு தீர்வாகாது.

இதே சாலையில் இன்னொரு பண்பாடும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ‘சைடு ஸ்டாண்டு எடுங்க’, ‘அக்கா, சேலை சக்கரத்துல மாட்டப்போவுது’ என்று முன்பின் தெரியாதவரைத் துரத்திச் சென்று சொல்லிவிட்டு, நன்றிகூட எதிர்பாராமல் திரும்பிப் போகிறவர்கள் தமிழகத்தின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. சற்றுமுன் ஹாரன் அடித்தவரே இதையும் செய்வார். சாலைச் சீற்றத்தைத் தனிமனிதரின் பிறவிக் குணமாகப் பார்ப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது

ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி ‘ஆபத்தான முறையில் ஓட்டுதல்’. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும், கவனத்தைக் குலைக்காத வகையில் பயன்படுத்த அனுமதி உண்டு.

தேவையின்றித் தொடர்ந்து ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய். மீண்டும் செய்தால் 2,000 ரூபாய். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும்.

சாலைச் சீற்றம் என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, வழிமறித்தல் 126ஆம் பிரிவிலும், காயம் விளைவித்தல் 115ஆம் பிரிவிலும், ஆபாசமாகத் திட்டுதல் 296ஆம் பிரிவிலும், மிரட்டல் 351ஆம் பிரிவிலும் வழக்காகின்றன.

34 ஆண்டுகள் நீண்ட ஒரு தகராறு

சாலையில் சில நிமிடங்கள் நீடிக்கும் சண்டை வாழ்க்கையில் எத்தனை ஆண்டு நீடிக்கக்கூடும் என்பதற்கு இந்தியச் சட்ட வரலாற்றில் பதிவான மிகத் தெளிவான சான்று, கிரிக்கெட் வீரராக இருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்து மீதான வழக்கு. பஞ்சாபின் பாட்டியாலாவில் 1988 டிசம்பர் 27 அன்று சாலையில் வாகனம் தொடர்பாக எழுந்த வாக்குவாதத்தில் 65 வயதான ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். விசாரணை நீதிமன்றம் 1999இல் சித்துவை விடுவித்தது. பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2006இல் அதை மாற்றி மூன்றாண்டு சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018இல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து விடுவித்து, காயப்படுத்தியதற்காக 1,000 ரூபாய் அபராதத்துடன் முடித்தது. இறந்தவரின் குடும்பத்தார் தொடுத்த மறுஆய்வு மனுவில் 2022 மே 19 அன்று அதே நீதிமன்றம் ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. உடல்வலிமை மிக்க விளையாட்டு வீரரின் வெறுங்கையும் ஆயுதத்துக்கு நிகராகலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2023 ஏப்ரல் 1 அன்று அவர் விடுதலையானபோது சம்பவம் நடந்து 34 ஆண்டுகள் கடந்திருந்தன. புகழும் வழக்கறிஞர் படையும் உள்ள ஒருவருக்கே கதை இப்படியென்றால், மாதச் சம்பளக்காரரின் நிலை ஊகிக்கக்கூடியதே.

சாதாரண வழக்கில் விளைவுகள் இத்தனை வெளிச்சத்துக்கு வருவதில்லை. ஆனால் அவை அடுத்தடுத்து வருகின்றன. திட்டியதற்கும் அடித்ததற்கும் மிரட்டியதற்கும் சேர்த்துப் பதியப்படும் ஒரே முதல் தகவல் அறிக்கை, பழைய இந்திய தண்டனைச் சட்டக் காலத்தில் ‘294(பி), 323, 506’ என்று காவல் நிலைய வட்டாரத்தில் மனப்பாடமாகவே சொல்லப்பட்ட அந்த மூவர் அணி, கடவுச்சீட்டுக்கும் அரசு வேலைக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் கேட்கப்படும் காவல்துறைச் சரிபார்ப்பில் தலைகாட்டுகிறது. வேகமாக வந்து மற்றவர் வண்டியை வேண்டுமென்றே இடித்தது நிரூபணமானால் வழக்கு கவனக்குறைவு என்ற எல்லையைத் தாண்டி, கொலை முயற்சிப் பிரிவு வரை போகலாம். இரு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டு வழக்குகள் பதிவாகி, இருவருமே பாதிக்கப்பட்டவராகவும் குற்றம் சாட்டப்பட்டவராகவும் ஒரே நீதிமன்ற வராந்தாவில் மாதக்கணக்கில் நிற்க நேரும். சமரசம் செய்து வைக்கப்படும்போதும் அது பெரும்பாலும் பணமுள்ளவருக்குச் சாதகமாகவே முடிகிறது.

கவனம் சிதறியவருக்குச் சிவில் வழக்கில் வேறொரு கணக்கு காத்திருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், காயமடைந்தவரின் தவறும் விபத்துக்கு ஓரளவு காரணம் என்று முடிவானால், அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறைக்கப்படும். பங்களிப்புக் கவனக்குறைவு எனப்படும் இக்கொள்கையின்படி, விபத்து நேரத்தில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தது நிரூபிக்கப்பட்டால், கால் இழந்தவருக்குக் கிடைக்க வேண்டிய தொகையில் கணிசமான பகுதி கழியக்கூடும். விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதால் தமிழகத்தில் பல உயிர்கள் அந்த இரண்டு நாட்களைத் தாண்டுகின்றன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் நீளும் பிசியோதெரபியும் வேலையிழப்பும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன.

பிடிபடும் நிச்சயமே பயம் தரும்

2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல மனு தாக்கல் செய்தவர் ஒரு தமிழர்: கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். அந்த வழக்கில் 2014இல் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு, ஓட்டும்போது கைபேசி பயன்படுத்துபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் தற்காலிகமாக நீக்கும்படி 2015இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் வலுவானது, சாலையோரத்தில் நடப்பது வேறு. 184ஆம் பிரிவின் குற்றங்களில் கைபேசிப் பயன்பாட்டை மட்டும் நீதிமன்றத்துக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டமே அனுமதிப்பதால், பிடிபட்டவருக்கு அது ஆயிரம் ரூபாய்ச் செலவாகவே மனத்தில் பதிகிறது. பிடிபடாமல் போகும் நாட்கள் எத்தனையோ என்பதால் அந்த ஆயிரமும் வலிப்பதில்லை.

தண்டனையின் கடுமையைக் காட்டிலும் பிடிபடுவதன் நிச்சயமே மனிதரைத் திருத்துகிறது என்பது குற்றவியலின் பழைய பாடம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில், காரின் முன்கண்ணாடி வழியே ஓட்டுநரின் கையில் கைபேசி இருக்கிறதா என்று படம்பிடிக்கும் கேமராக்களை நிறுவியது அந்தப் பாடத்தின் அடிப்படையில்தான். முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பி, 2020 மார்ச்சிலிருந்து அபராதம் விதித்தது. தமிழக நகரங்களில் ஹெல்மெட்டையும் சிக்னல் மீறலையும் கேமரா மூலம் பிடிக்க முடிகிறபோது, காதோடு ஒட்டிய கைபேசியைப் பிடிப்பது எட்டாத தொழில்நுட்பமல்ல.

சீற்றத்தின் பக்கத்தில் ஜப்பான் காட்டும் வழி கவனத்துக்குரியது. 2017 ஜூனில் டோமெய் விரைவுச்சாலையில், பின்தொடர்ந்து வந்த ஒருவர் வழிமறித்து நிறுத்தியதால் கணவன் மனைவி இருவர் லாரி மோதி இறந்த சம்பவத்துக்குப் பின் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 2020இல் இடையூறு செய்யும் ஓட்டுதல் தனிக்குற்றமாக்கப்பட்டது. முட்டுவதுபோல் ஒட்டிப் பின்தொடர்தல், காரணமின்றித் திடீர் பிரேக் போடுதல், ஹாரனாலும் ஹை பீமாலும் துன்புறுத்துதல் உள்ளிட்ட பத்துச் செயல்கள் பட்டியலிடப்பட்டு, மூன்றாண்டு வரை சிறையும் உரிம ரத்தும் தண்டனையாயின. நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்த வைப்பது போன்ற பெரும் ஆபத்து விளைவித்தால் ஐந்தாண்டு. இதில் இந்தியா கற்க வேண்டியது அந்தப் பட்டியலை. அடி விழுவதற்கு முந்தைய நடத்தைகளுக்குப் பெயர் வைத்தால்தான், அடி விழுவதற்கு முன்பே தடுக்க முடியும்.

சாலை அமைப்புக்கும் இதில் வேலை உண்டு. கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளி யூ டர்ன் அமைத்த முறை, பாதசாரிகள் கடக்க இடமில்லாமல் போனதென்ற நியாயமான குறையைச் சந்தித்தாலும், பச்சைக்காகக் காத்திருந்து ஒருவர்மீது ஒருவர் பாயும் தருணத்தையே இல்லாமலாக்கிக் காட்டியது. நிறுத்தக் கோடு அழிந்துபோன சந்திப்பில் யார் முன்னால் நிற்பது என்பதே சண்டையாகும். ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் தீர்க்கக்கூடிய தகராறுகள் பல காவல் நிலையம் வரை போகின்றன.

பெட்டிச் செய்தி: ஒருவர் துரத்தினால்

பதிலுக்கு ஹாரன், சைகை, முறைப்பு எதுவும் வேண்டாம்; கண்ணோடு கண் பார்ப்பதைத் தவிர்த்து, வேகத்தைக் குறைத்து அவரை முன்னே போகவிட வேண்டும்.

காரில் இருந்தால் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு, இறங்காமல் இருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் இருந்தால் வீட்டுக்குப் போகாமல், ஆள்நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி, காவல் நிலையம் இவற்றில் ஒன்றுக்குச் செல்ல வேண்டும்.

வண்டி எண், நிறம், இடம் ஆகியவற்றை உடன் வருபவர் குறித்துக்கொள்ளலாம்; ஓட்டுபவர் படம்பிடிக்க முயல்வது அடுத்த விபத்துக்கு வழி.

காவல்துறை உதவிக்கு 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033. காயம் ஏற்பட்டால் 108.

எட்டுப் போட்டால் போதுமா

இவை அனைத்துக்கும் முன்னால் இருப்பது உரிமம். தமிழகத்தில் இருசக்கர வாகனத்துக்கு உரிமம் பெற வேண்டியவர் ஆய்வாளர் முன் காலை ஊன்றாமல் ‘எட்டு’ போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு முன் கணினியில் சாலைக் குறியீடுகளை அடையாளம் காண வேண்டும். நெரிசலில் கைபேசி ஒலித்தால் என்ன செய்வார், ஒருவர் குறுக்கே புகுந்து ‘கட்’ அடித்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதை எந்தக் கட்டத்திலும் எவரும் சோதிப்பதில்லை. உரிமம் தற்காலிகமாக நீக்கப்பட்டவர் அதைத் திரும்பப் பெறுமுன் புத்தாக்கப் பயிற்சியை முடிக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. பணம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டாலும் அந்தப் பயிற்சியிலிருந்து விலக்கு இல்லை என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கைபேசிக்காகவும் வழிமறித்ததற்காகவும் பிடிபடுகிறவர்களுக்கு, அபராதத்துக்குப் பதிலாக அல்லாமல் அபராதத்தோடு சேர்த்து, இந்தப் பயிற்சியை மாவட்டந்தோறும் கட்டாயமாக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; போக்குவரத்துத் துறை ஏற்கெனவே உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தினால் போதும்.

அது நடக்காத வரை, 18 வயதில் எட்டுப் போட்டு உரிமம் பெறும் ஒருவர் 40 வயது வரை எந்தத் தேர்வுக்கும் அழைக்கப்படுவதில்லை. 40ஆம் வயதில் உரிய காலத்துக்குள் புதுப்பிக்க விண்ணப்பித்தால், அப்போதும் அவர் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.